சீக்குவென்சரில் பாடலைக் கட்டுதல்: பேட்டர்னும் சீனும்

எந்தச் சுரம், எந்த நேரத்தில், எவ்வளவு நீளத்துக்கு ஒலிக்க வேண்டும் என்ற தகவலை நினைவில் வைத்துக்கொண்டு, அதன்படி ஒலிகளை எழுப்பும் இயந்திரம் அல்லது மென்பொருள் சீக்குவென்சர் எனப்படுகிறது. கணினியிலோ கைபேசியிலோ இசை அமைக்கும் எவரும் ஏதோ ஒரு சீக்குவென்சரைத்தான் பயன்படுத்துகின்றனர். இவற்றுள் ஒரு பெரும் பிரிவு, பாடலை முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை நேராக எழுதச் சொல்வதில்லை. சிறு துண்டுகளாக எழுதிக்கொண்டு, பிறகு அவற்றை அடுக்கிப் பாடலாக்கச் சொல்கிறது. அந்தத் துண்டுதான் பேட்டர்ன். ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்க வேண்டிய பேட்டர்ன்களின் கூட்டுக்குப் பல கருவிகளில் சீன் என்று பெயர்.

இம்முறையில் தொடங்குவது எளிது, முடிப்பதுதான் கடினம். அரை மணி நேரத்தில் கேட்கக் கேட்க இனிக்கும் நான்கு பார் லூப் ஒன்று கிடைத்துவிடும். அதன் பிறகு வாரக்கணக்கில் அது லூப்பாகவே சுழன்றுகொண்டிருக்கும். புதிதாகக் கற்போரின் கணினிகளில் இப்படிப் பாதியில் நின்ற கோப்புகள் ஏராளம். பேட்டர்ன், சீன், பாடல் என்ற மூன்று அடுக்குகளில் எந்த முடிவை எந்த அடுக்கில் எடுக்க வேண்டும் என்பது தெளிவாகாமல் இருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். லூப்பில் இன்னும் ஒரு ஒலியைச் சேர்த்தால் பாடல் ஆகிவிடும் என்று எண்ணிப் பேட்டர்ன் அடுக்கிலேயே உழைத்துக்கொண்டிருப்பார்கள்.

பேட்டர்ன்

1980ஆம் ஆண்டு ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 டிரம் மெஷினைப் பார்த்தால் பேட்டர்ன் என்பது உடனே விளங்கும். அதன் முகப்பில் வரிசையாக 16 பொத்தான்கள் இருக்கும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று நான்கு நான்காக நிறம் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு நிறமும் ஒரு பீட். ஒவ்வொரு பொத்தானும் பீட்டின் நான்கில் ஒரு பங்கு. இந்தப் பங்குக்கு ஸ்டெப் என்று பெயர். கிக் ஒலியைத் தேர்ந்துகொண்டு 1, 5, 9, 13 ஆகிய பொத்தான்களை அழுத்தினால், பீட்டுக்கு ஒரு கிக் விழும். 16 ஸ்டெப்பும் முடிந்தால் நான்கு பீட் கொண்ட ஒரு பார் முடிந்தது. இயந்திரம் மீண்டும் முதல் ஸ்டெப்புக்கு வரும்.

நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் இந்த ஒரு பார் சரியாக 2 வினாடி ஓடும். நான்கு நிமிடப் பாடலுக்கு 120 பார் வேண்டும். அவ்வளவையும் தனித்தனியே எழுத அன்றைய இயந்திரங்களில் நினைவகமும் இல்லை, எழுதுபவருக்குப் பொறுமையும் இருக்காது. எனவே சில பேட்டர்ன்களை எழுதி, எது எத்தனை முறை, எதற்குப் பின் எது என்று வரிசையை மட்டும் தனியே எழுதும் வழக்கம் வந்தது. டிஆர்-808 வாங்கியவர் செய்ததும் இதுதான்: முதலில் பேட்டர்ன்கள், பிறகு அவற்றின் வரிசை.

16 என்பது 4/4 தாளத்தில் பிறந்த எண். எல்லாப் பாடல்களுக்கும் அது பொருந்தாது. பேட்டர்னின் நீளத்தை மாற்றும் வசதி இன்று ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் உண்டு. ஆனால் பலர் அதைத் தொடுவதே இல்லை. ஆதி தாளத்தின் 8 அட்சரங்களைச் சதுச்ர நடையில் எழுதினால் 32 ஸ்டெப், அதாவது இரண்டு பார். மிச்ர சாப்பின் 7 எண்ணிக்கையை, எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்டெப் என்று எழுதினால் 14. தாளத்தை 14 ஸ்டெப்பிலும் பேஸ் வரியை 16 ஸ்டெப்பிலும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால், இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 112 ஸ்டெப் ஆகும். இரண்டே சிறு பேட்டர்ன்களிலிருந்து ஏழு பார் நீளத்துக்குத் திரும்ப வராத ஓர் ஓட்டம் கிடைக்கிறது. இதை வேண்டுமென்று செய்தால் அழகு. நீளத்தைத் தவறாக வைத்ததால் நிகழ்ந்தால் குழப்பம்.

வரிசைப் பட்டியல்

1987இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் ஒபார்ஸ்கி, அமிகா கணினிக்காக அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்ற மென்பொருளை உருவாக்கினார். அதிலிருந்து கிளைத்த மென்பொருள்கள் அனைத்தும் டிராக்கர் என்று அழைக்கப்படுகின்றன. பாடல் அமைப்பு என்றால் என்ன என்பதை டிராக்கரைப் போல் வெட்டவெளிச்சமாகக் காட்டும் மென்பொருள் வேறில்லை என்று சொல்லலாம். ஏனென்றால் அதில் பாடல் என்பது வெறும் எண்களின் பட்டியல்.

அமிகாவின் ஒலிச் சில்லில் நான்கு சேனல்கள் இருந்தன. டிராக்கரின் ஒரு பேட்டர்ன், மேலிருந்து கீழாக ஓடும் 64 வரிகளும் நான்கு நெடுவரிசைகளும் கொண்ட கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் 4 பைட். ஆக ஒரு பேட்டர்ன் 1,024 பைட். ஐரோப்பிய அமிகாவில் வழக்கமான வேகத்தில் ஒரு வரி 0.12 வினாடி ஓடும். முழுப் பேட்டர்ன் 7.68 வினாடி. மூன்று நிமிடப் பாடலுக்கு 24 பேட்டர்ன் நீளம் தேவை. ஆனால் 24 பேட்டர்ன்களை எழுத வேண்டியதில்லை. 12 மட்டும் எழுதி, 0, 1, 2, 2, 3, 2, 4 என்பது போல 24 இடங்கள் கொண்ட வரிசைப் பட்டியலில் அவற்றின் எண்களை இட்டால் போதும். பட்டியலில் ஓர் இடத்துக்கு ஒரு பைட்தான். 512 கிலோபைட் நினைவகத்துக்குள் ஒலி மாதிரிகளையும் அடக்க வேண்டியிருந்த காலத்தில் இந்தச் சிக்கனம் பெரிய விஷயம்.

நினைவகச் சிக்கனத்துக்காக வந்த இந்த ஏற்பாடு இசைக்கும் உதவியது. பாடல் என்றாலே திரும்ப வருதல்தான். கேட்பவர் இரண்டாம் முறை பல்லவியை அடையாளம் காண வேண்டுமானால் அது முதல் முறை கேட்ட பல்லவியாக இருக்க வேண்டும். பட்டியலில் அதே எண் மீண்டும் வருகிறது என்பதன் பொருள் அதுவே. பட்டியலைப் பார்த்தவுடன் பாடலின் எலும்புக்கூடு தெரிந்துவிடும். 2 என்ற எண் ஆறு இடத்தில் இருந்தால், அதுதான் இப்பாடலின் மையம்.

குறையும் அங்கேயே இருக்கிறது. டிராக்கரின் பேட்டர்னில் நான்கு சேனல்களும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். தாளம், கார்டு, மெட்டு எல்லாம் அப்படியே இருக்க, பேஸ் வரியை மட்டும் மாற்ற விரும்பினாலும் முழுப் பேட்டர்னையும் பிரதி எடுத்துத்தான் மாற்ற வேண்டும். பிறகு தாளத்தில் ஒரு பிழையைத் திருத்தினால், இரண்டு பிரதிகளிலும் திருத்த வேண்டும். ஐந்து பிரதிகள் இருந்தால் ஐந்திலும். கேம் பாய் விளையாட்டுக் கருவிக்காக எழுதப்பட்ட லிட்டில் சவுண்ட் டிஜே இதை வேறு விதமாகத் தீர்த்தது. அதில் ஒவ்வொரு சேனலுக்கும் தனிப் பட்டியல் உண்டு. 16 ஸ்டெப் கொண்ட துண்டுகள் ஒரு சங்கிலியாகும், சங்கிலிகள் பாடலாகும். சங்கிலியில் ஒரு துண்டைச் சேர்க்கும்போதே அதைச் சுருதி உயர்த்தியோ தாழ்த்தியோ ஒலிக்கச் சொல்லலாம் என்பதால், ஒரே பேஸ் துண்டு நான்கு கார்டுகளுக்கும் போதும்.

சீன்

பெர்லினிலிருந்து 2001இல் ஏபிள்டன் லைவ் வெளியானது. அதை உருவாக்கியவர்களில் கெர்ஹார்ட் பெலெசும் ராபர்ட் ஹென்கேயும் மோனோலேக் என்ற பெயரில் மின்னணு இசை அமைத்துவந்தவர்கள். மேடையில் கணினியை வாத்தியம் போல வாசிக்க வேண்டும் என்ற தேவை அதன் வடிவமைப்பில் வெளிப்படையாகத் தெரியும். அதன் செஷன் காட்சியில் நெடுவரிசை ஒவ்வொன்றும் ஒரு ட்ராக்: தாளம், பேஸ், கார்டு, மெட்டு என்று. ட்ராக்கின் கட்டங்களில் கிளிப்புகள் இருக்கும். பேட்டர்னுக்கு லைவ் வைத்த பெயர் கிளிப். ஒரு ட்ராக்கில் ஒரு நேரத்தில் ஒரு கிளிப் மட்டுமே ஒலிக்கும். குறுக்கே ஓடும் வரிசை முழுவதும் சேர்ந்து ஒரு சீன். சீனை அழுத்தினால் அந்த வரிசையிலுள்ள கிளிப்புகள் எல்லாம் ஒன்றாகத் தொடங்கும்.

டிராக்கருக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கணக்கு சொல்லிவிடும். நான்கு ட்ராக்குகள், ஒவ்வொன்றிலும் நான்கு பேட்டர்ன்கள் என்றால் எழுதியது 16 பேட்டர்ன். அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கக்கூடிய கூட்டுகளோ 256. சீன் என்பது அந்த 256இல் ஒன்றைத் தேர்ந்து பெயரிட்டு வைப்பது. புதிதாக எந்தச் சுரத்தையும் எழுதாமலே புதிய சீன் ஒன்றை உண்டாக்கலாம். லூப்பில் சிக்கிக்கொண்டவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான்.

வெற்றுக் கட்டம் பற்றி ஒரு சொல். லைவில் ஒரு சீனின் ஏதேனும் ட்ராக்கில் கிளிப் இல்லாவிட்டால், அந்தச் சீன் தொடங்கும்போது அந்த ட்ராக் நின்றுவிடும். கட்டத்தில் தெரியும் சிறு சதுரம் நிறுத்தும் பொத்தான் என்பதே காரணம். அந்தப் பொத்தானை நீக்கிவிட்டால், முன்பு ஒலித்த கிளிப் தொடர்ந்து ஓடும். ஆகவே வெற்றிடத்துக்கு இரண்டு பொருள் உண்டு: 'இங்கே நிறுத்து' ஒன்று, 'இருப்பதைத் தொடாதே' மற்றொன்று. கார்டு கிளிப்பின் நடுவே தாளத்தை மட்டும் மாற்றும் சீனுக்கு இரண்டாவது வகை வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல், சீன் மாறியதும் பேஸ் ஏன் காணாமல் போகிறது என்று தேடுவோர் பலர்.

வாசித்துப் பார்க்கும்போது நன்றாக அமைந்த ஒரு கூட்டை, அப்போது ஒலிக்கும் கிளிப்புகளைக் கொண்டே புதிய சீனாகச் சேமிக்கும் கட்டளையும் லைவில் உண்டு. திட்டமிட்டு எழுதுவதைவிடக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது சிலருக்கு எளிது. அவர்களுக்கு இது மிகவும் பயன்படும். 2009இல் நோவேஷன் நிறுவனம் வெளியிட்ட லாஞ்ச்பேட், இதே கட்டங்களை 8 வரிசை 8 நெடுவரிசை கொண்ட ஒளிரும் பொத்தான்களாக்கிக் கைக்குக் கொடுத்தது. வலது ஓரத்து வட்டப் பொத்தான்கள் சீன்களுக்கு உரியவை. பிட்விக் ஸ்டூடியோ, 2020இல் லாஜிக் புரோவில் சேர்ந்த லைவ் லூப்ஸ் ஆகியவற்றிலும் இதே அமைப்பைக் காணலாம். எஃப்எல் ஸ்டூடியோவின் வழி வேறு: அதில் பேட்டர்ன்களைப் பிளேலிஸ்ட் என்ற நீண்ட தாளில் செங்கல் போல வைத்து அடுக்க வேண்டும். ஒரு பேட்டர்னைத் திருத்தினால் அது வைக்கப்பட்ட எல்லா இடங்களிலும் மாறும். லைவின் செஷன் காட்சியில் பிரதி எடுத்த கிளிப்போ தனி உயிர். மூலத்தைத் திருத்தினாலும் பிரதி மாறாது. மென்பொருள் மாறும்போது இதை மறந்தால் ஒரு மாலை வீணாகும்.

சீன் என்ற சொல்லைப் பார்த்தவுடன் எல்லாக் கருவியிலும் ஒரே பொருள் என்று எண்ணக் கூடாது. சுவீடனின் எலெக்ட்ரான் நிறுவனத்தின் ஆக்டாட்ராக்கில் சீன் என்பது ஒலியளவு, ஃபில்டர், எஃபெக்ட் போன்றவற்றின் நிலைகளைச் சேமித்த தொகுப்பு. இரண்டு சீன்களுக்கு இடையே கிராஸ்ஃபேடரை நகர்த்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்லச் செல்லலாம். அங்கே சீன் மாறினாலும் சுரங்கள் மாறுவதில்லை.

12 பேட்டர்ன், 96 பார்

முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், இரண்டாம் இடையிசை, இரண்டாம் சரணம் என்று தமிழ்த் திரைப்பாடலில் நாம் கேட்டுப் பழகிய அமைப்பைச் சீன்களாக எழுதிப் பார்க்கலாம். வேகம் நிமிடத்துக்கு 96 பீட், தாளம் 4/4 என்க. ஒரு பார் 2.5 வினாடி. முன்னிசை 8 பார், பல்லவி 16, இடையிசை 8, சரணம் 16, பல்லவி 8, இரண்டாம் இடையிசை 8, இரண்டாம் சரணம் 16, நிறைவுப் பல்லவி 16. மொத்தம் 96 பார். சரியாக நான்கு நிமிடம்.

பாடகரின் குரல் தனியே பதிவாகும். மீதி நான்கு ட்ராக்குகளுக்குத் தேவையான பேட்டர்ன்கள் இவை: தாளத்தில் பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று, இடையிசைக்கு ஒன்று, மாறும் இடத்துக்கு ஒரு பார் நிரவல் ஒன்று. பேஸில் மூன்று. கார்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் ஒவ்வொன்று. இடையிசை பல்லவியின் கார்டுகளிலேயே நிற்கட்டும். மெட்டில் முன்னிசைக்கு ஒன்று, இரண்டு இடையிசைகளுக்கும் ஒவ்வொன்று. ஆக 12.

முன்னிசைச் சீனில் கார்டும் மெட்டும் மட்டும். பல்லவியில் மெட்டு நின்று தாளமும் பேஸும் நுழைகின்றன. பாடகருக்கு இடம் வேண்டும் அல்லவா. முதல் சரணத்தின் முதல் 8 பாருக்குப் பேஸ் இல்லாத ஒரு சீன், அடுத்த 8 பாருக்குப் பேஸோடு ஒரு சீன். இரண்டாம் சரணத்தில் பேஸ் தொடக்கத்திலிருந்தே உண்டு. இந்த ஒரு மாற்றத்தால் அதே சரணம் இரண்டாம் முறை கனமாகக் கேட்கும். நிறைவுப் பல்லவியின் பின்பாதியில் முன்னிசை மெட்டைப் பல்லவியின் மேல் ஓட விடலாம். அம்மெட்டு பல்லவியின் கார்டுகள் மீதே எழுதப்பட்டதால் இடிக்காது. பாடல் தொடங்கிய இடத்தைக் கேட்பவர் அங்கே மறுபடி சந்திக்கிறார்; இதற்காகப் புதிதாக எதுவும் எழுதவில்லை.

இரண்டாம் இடையிசையில்தான் சோம்பல் எட்டிப் பார்க்கும். முதல் இடையிசைச் சீனையே மீண்டும் அழுத்திவிட்டால் வேலை முடிந்தது. கருவியும் அதைத்தான் எளிதாக்கி வைத்திருக்கிறது. நம் திரைப்பாடல்களில் இரண்டு இடையிசைகளும் பெரும்பாலும் வெவ்வேறாக இருக்கும். கேட்பவரின் காது அதற்குப் பழகியது. பல்லவி திரும்ப வர வேண்டும், இடையிசை திரும்ப வரக் கூடாது என்ற வேறுபாட்டைச் சீக்குவென்சர் அறியாது. அதை எழுதுபவர்தான் அறிந்திருக்க வேண்டும்.

இன்னொரு வழி, ஏற்கெனவே லூப்பில் சிக்கியவர்களுக்கானது. எல்லா ட்ராக்கும் ஒலிக்கும் அந்த நிறைந்த லூப்பைப் பாடலின் தொடக்கமாக வைக்காமல் உச்சமாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சீனைப் பத்து முறை பிரதி எடுத்து, ஒவ்வொரு பிரதியிலிருந்தும் எதையாவது நீக்கிக்கொண்டே போக வேண்டும். ஒன்றில் கிக் இல்லை, ஒன்றில் கார்டு மட்டும், ஒன்றில் பேஸும் குரலும் மட்டும். சேர்ப்பதைவிட நீக்குவது விரைவாக முடியும். நீக்கிய பின் மீதமுள்ளது தனித்து நிற்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஒட்டுத் தெரியும் இடங்கள்

பேட்டர்ன்களால் கட்டிய பாடல் செயற்கையாகக் கேட்கிறது என்றால், குறை பெரும்பாலும் பேட்டர்னுக்குள் இருப்பதில்லை; இரண்டு சீன்கள் சந்திக்கும் விளிம்பில் இருக்கும். மனிதர் வாசிக்கும்போது அடுத்த பகுதி வருவதை முன்கூட்டியே அறிந்திருப்பார். கடைசிப் பாரிலேயே அவர் கை மாறத் தொடங்கும். பேட்டர்னுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாது.

தாளத்தில் இதைச் சரிசெய்வது நிரவல். பகுதி முடியும் பாரில் மட்டும் அது வர வேண்டும். நான்கு பாருக்கு ஒருமுறை தவறாமல் நிரவல் வைத்தால் அதுவும் லூப்பின் ஒரு பகுதியாகிவிடும். மாற்றம் வருகிறது என்ற அறிவிப்பு அதில் இருக்காது. எலெக்ட்ரான் கருவிகளில் ஸ்டெப்புக்கு நிபந்தனை விதிக்கலாம்: நான்கு சுற்றில் ஒருமுறை மட்டும் ஒலி, அல்லது நிரவல் பொத்தான் அழுத்தியிருக்கும்போது மட்டும் ஒலி என்று. தனிப் பேட்டர்ன் எழுதாமலே இதனால் மாறுதல் கிடைக்கும்.

மெட்டில் வரும் சிக்கல் இன்னும் நுட்பமானது. பல பல்லவிகள் சமத்தில் தொடங்குவதில்லை. சில சுரங்கள் முன்னதாகவே எடுக்கப்படும். கர்நாடக இசை இதை அதீத எடுப்பு என்கிறது. சீன்களோ பாரின் முதல் பீட்டில்தான் மாறும். லைவில் இயல்பாக உள்ள அமைப்பே ஒரு பார் என்பதுதான். ஆகவே பல்லவியின் முதல் இரண்டு சுரங்கள் முந்தைய பகுதியின் கடைசிப் பாருக்குள் விழுகின்றன. அவற்றைப் பல்லவிப் பேட்டர்னின் கடைசியில் எழுதினால் இரண்டாம் சுற்றில் சரியாகக் கேட்கும், முதல் சுற்றில் காணாமல் போகும். முந்தைய பகுதியின் கடைசிப் பாரைத் தனிப் பேட்டர்னாகப் பிரித்து, எடுப்பை அதில் எழுதுவதே வழி. பல்லவியின் தொடக்கம் சரணத்தின் பேட்டர்னில் இருப்பது முதலில் விசித்திரமாகத்தான் தோன்றும்.

மூன்றாவது, ஒலியின் வால். சிம்பல் அடித்த ஒலி இரண்டு மூன்று வினாடி நீளும். டிராக்கரில் அந்தச் சேனலில் புதிய சுரம் வரும்வரை அது அடுத்த பேட்டர்னுக்குள்ளும் நீண்டு ஒலிக்கும். ஆடியோ கிளிப்பிலோ, கிளிப் நின்றதும் ஒலியும் வெட்டுப்படும். வால் நீளமான ஒலிகளுக்குத் தனி ட்ராக் ஒதுக்கி, அந்த ட்ராக்கின் வெற்றுக் கட்டங்களில் நிறுத்தும் பொத்தானை நீக்கி வைப்பது நடைமுறையில் உதவும்.

சீனிலிருந்து காலக்கோட்டுக்கு

சீன்கள் தயாரானதும் அவற்றை எண்ணிக்கைப்படி அடுக்குவதைவிட, ஒருமுறை வாசித்துப் பதிவு செய்வது நல்லது. லைவில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, பாடிக்கொண்டே சீன்களை ஒவ்வொன்றாகத் தொடங்கினால், அவை அரேஞ்ச்மென்ட் என்ற காலக்கோட்டில் இடமிருந்து வலமாக எழுதப்படும். இடையிசை 8 பார் என்று தாளில் எழுதியிருப்போம். வாசிக்கும்போது ஆறாவது பாரிலேயே கை சரணத்தை நோக்கிப் போகும். அந்த இடத்தில் கையை நம்பலாம். நான்கு பார் பேட்டர்னின் நடுவில் தவறி மாறிவிடும் என்று அஞ்சுபவர், மாறும் அளவை ஒரு பாரிலிருந்து நான்கு பாராக உயர்த்திவிட்டு வாசிக்கலாம். பதிவு முடிந்து கேட்கும்போது காலக்கோட்டில் உள்ளது ஒலிக்காமல் பழைய கிளிப்பே சுற்றினால், காலக்கோட்டுக்குத் திரும்பும் பொத்தானை அழுத்த வேண்டும். செஷனில் தொடங்கிய கிளிப்புக்கே லைவ் முன்னுரிமை தரும்.

காலக்கோட்டுக்கு வந்த பிறகு சீன் என்ற பிரிவு மறைந்துவிடுகிறது. கார்டின் ஃபில்டரை முன்னிசை தொடங்கிப் பல்லவி வரை 24 பாருக்கு மெல்லத் திறப்பது, இரண்டாம் சரணத்துக்கு முன் அரைப் பார் முழு மௌனம் வைப்பது, நிறைவுப் பல்லவியின் கடைசி வரியில் தாளத்தை மட்டும் நிறுத்துவது போன்ற வேலைகள் சீன் கட்டத்தில் எளிதில் அமையாதவை. சீன்களின் எல்லையைத் தாண்டி நீளும் இத்தகைய மாற்றங்களை இங்கேதான் செய்ய வேண்டும்.